ஒரு சிட்டிகை

“யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்தோம்னு முதல்ல எழுதணும். அப்பதான் நாளைக்கு யாரும் மாத்திப் பேச முடியாது” என்றார் ராமசந்திரன் மாஸ்டர்.

கான் தெ மாஸ்க் என்னும் தீவுக் கிராமம், 9 செப்டம்பர் 1964. மேசைக்குப் பின்னால் அவர். எதிர் பெஞ்சில் சிவகாமி. கவிழ்த்த பால் வாளியின்மேல் மாட்டு வைத்தியரின் உதவியாள் ஜான்-க்ளோட். கதவோரம், தரையில், பக்கத்து வீட்டுப் பொன்னம்மா.

பதில் கேட்டு, காலை பஸ்ஸில் வந்த ஆஸ்பத்திரி டாக்டரின் கடிதம் சிவகாமியின் மடியில் கிடந்தது. கொட்டிலில் புல் அரிவாள் பட்ட அவள் புருஷன் ஐயாசாமியின் கை தோள்வரை வீங்கிவிட்டதாம். பெனிசிலின் ஊசி போட்டும் இறங்கவில்லையாம். அவருக்கோ அவர் மாடுகளுக்கோ முன்பே அந்த மருந்து கொடுத்ததுண்டா? இல்லையென்றால் அதையே கூட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். உண்டென்றால் கிருமி அதற்குப் பழகியிருக்கும். உடனே வேறு மருந்துக்கு மாற வேண்டும். பதில் தப்பானால் கையை எடுக்க நேரும். உயிருக்கும் உறுதியில்லை.

ஜான்-க்ளோட் பதிவேட்டைப் புரட்டினான். பொன்னம்மாவின் நான்கு மாடுகளுக்கும் மாதாமாதம் பெனிசிலின் தூள் தந்திருக்கிறான். சிவகாமியின் பெயருக்கு எதிரே எல்லா மாதமும் ‘வேண்டாம்’.

“இந்த மாதாம் என் சைக்கிளைப் பார்த்தாலே விளக்குமாத்தைத் தேடுவாங்க” என்றான்.

“சத்தியமா இல்லீங்க மாஸ்டர்” என்றாள் சிவகாமி. “மஞ்சள், வேப்பிலை, கோயில் விபூதி. வேற எதுவும் என் கொட்டிலுக்குள்ள வந்ததில்ல.”

மாஸ்டர் பிரெஞ்சில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினார்: ‘ஒரு நாளும் இல்லை.’

சிவகாமி இடுப்பிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகும் பொன்னம்மா அவளுக்கென்று மடித்துக் கொண்டுவருவது. இரண்டு வருஷமாக விடிந்ததும் மாட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை, புருஷன் நாக்கில் ஒரு சிட்டிகை.

“இதையும் உள்ள வைங்க மாஸ்டர். அவரு வாயில போடட்டும். முருகன் கைவிட மாட்டான்.”

பொன்னம்மா எழுந்து நின்றாள்.

“அவரு வாயில போடச் சொல்லாத, சிவகாமி.”

“ஏன்க்கா?”

“நீ மருந்தே வேண்டாம்னுட்ட. உன் மாட்டு நோவு என் மாட்டுக்குத் தொத்திடுமோன்னு பயந்துட்டேன்.” பொன்னம்மா ஜான்-க்ளோட்டின் பையைப் பார்த்தாள். “அது விபூதி இல்ல. இவரு எனக்குத் தர்ற தூளு.”

மாஸ்டர் எழுதியதை அடித்தார். அதன்மேல் ‘ஒவ்வொரு நாளும்’ என்று எழுதி, பொட்டலத்தையும் உள்ளே வைத்து, உறையை ஒட்டி ஜான்-க்ளோட்டின் கையில் திணித்தார்.