செங்கடலில் ஒரு டம்ளர் டீ

செங்கடலில் டீயைக் கொட்டியது பொன்னுலிங்கம்தான். ஏற்றுமதி ஏஜென்ட் ஆரோக்கியத்தின் ஆபீஸ் சுவரில் தொங்கிய உலகப்படத்தில், தன் சின்ன வெங்காயம் போகிற கப்பலை விரல் வைத்துத் தேடப் போய், மறு கையிலிருந்த டம்ளரைச் சாய்த்துவிட்டார். தோள்துண்டால் துடைத்ததில் சூயஸ் கால்வாய் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

"சண்டைக்காரன் மிச்சம் வச்ச வழியையும் நீங்க அடைச்சிட்டியளே அண்ணாச்சி!" என்றார் ஆரோக்கியம்.

பொன்னுலிங்கம் சிரித்தார். செங்கடல் பக்கத்துச் சண்டைக்குப் பயந்து கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றப் போனதிலிருந்து அவருக்குச் சிரிப்பு மட்டும்தான் தாராளமாக வருகிறது. இன்சூரன்ஸ்காரரைக் கேட்டால், போர் அபாயம் இதில் சேராது என்கிறார். கடனுக்குத் தவணை கேட்டால், பேங்க் மேனேஜர் புது விதிமுறையை வாசித்துக் காட்டுகிறார். இரண்டு பேரிடமும் உலக நடப்பெல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். அவர் வாய்ச்சொல்லை நம்பி ஊரே மூட்டை மூட்டையாய் ஏற்றிவிட்ட வெங்காயம் கப்பலிலிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் என்ன கதியில் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"நீயாவது சொல்லுப்பா" என்றார், ஈரக் கால்வாயை அதன் இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே.

ஆரோக்கியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முளைச்சிருக்கும், அண்ணாச்சி."