கும்பிட்டு முடிக்கும் வரை

புளத்கொகுபிட்டியவில் மழை விட்டும் கராஜின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. டீசல் வேனின் எஞ்சின் மூடி திறந்து கிடக்கிறது. ஸ்டார்ட் பண்ணுமுன் குளிர்ந்த எஞ்சினைச் சில நொடி சூடாக்கும் ஹீட்டர் பிளக் மறுபடியும் எரிந்துபோயிருக்கிறது. "டூப்ளிகேட் சாமான மாட்டிவிட்டுட்டு என்னையா ஏமாத்துறீங்க, அஸீஸ் நானா?" என்று தோட்டத்து வேன்காரன் இந்திரகுமார் கத்துகிறான். பின்சீட்டில் அவன் மனைவி விஜயகலா, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். தேயிலை மலையில் வழுக்கி விழுந்தவளை, அன்று வேன் ஸ்டார்ட் ஆகாததால், நாற்காலியில் வைத்து ரோடு வரை தூக்கிப் போனார்கள். மெக்கானிக் அஸீஸ் புதுப் பிளக் ஒன்றை எஞ்சினுக்குள் பொருத்தாமல் வெளியிலேயே வயரில் மாட்டி, நுனி தெரியும்படி குறட்டால் எஞ்சின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். "கத்தாதீங்க தம்பி. காலையில எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்களோ, அப்படியே செய்ங்க." இந்திரகுமார் முறைத்துக்கொண்டே ஹீட்டர் சுவிட்சைப் போடுகிறான். வழக்கம்போல முன்கண்ணாடி முருகனுக்கு ஊதுபத்தி கொளுத்துகிறான், சுற்றிக் காட்டுகிறான், கண்ணை மூடி முணுமுணுக்கிறான். பிளக்கின் நுனி சிவக்கிறது. வெளுக்கிறது. அவன் இன்னும் கும்பிடுகிறான். நுனி படீரென்று வெடித்து எண்ணெய்த் தரையில் தெறிக்கிறது. அவன் கண்ணைத் திறக்கிறான். அஸீஸ் நுனி போன பிளக்கை அவன் முன்னால் நீட்டுகிறார். பின்சீட்டிலிருந்து விஜயகலாவின் குரல் வருகிறது: "சாமி கும்புட்டுட்டு அப்புறமா சுவிட்ச போட்டா, ஒங்க கையா ஒடிஞ்சிரும்?"