கழுத்துக் கொக்கி

'கொர்ர்ர்' என்று கிளம்பிய சத்தத்தில், அருப்புக்கோட்டை கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண் அசந்திருந்த நசீமா திடுக்கிட்டு விழித்தாள். சத்தம் வந்தது தன் தொண்டையிலிருந்துதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்ன? பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்த புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"இவுகளுக்கு எங்க உக்காந்தாலும் குறட்டைதான்!"

குரல் கம்மித்தான் வந்தது.

ரஷீத் மறுக்கவில்லை. திருச்சுழி பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர். முன்பு ஒருமுறை நசீமாவின் ஜாக்கெட் அரை அங்குலம் பிடித்துப்போனது. அதை அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்ததிலிருந்து, வீட்டில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டவர்.

உள்ளே டாக்டர் ரேணுகாதேவி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை. இடப்பக்கம் கல்லாகப் புடைத்திருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எப்பவும் உள்ளதுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பழைய வீக்கம்னா மாத்திரையைக் கூட்டினாப் போதும். உங்களை மாதிரி நாள்பட்ட தைராய்டுல, ரொம்ப அபூர்வமா லிம்போமான்னு ஒரு புத்துநோய் வரும். அது வாரக் கணக்குல வளரும். சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்துலயே கரைச்சிடலாம். ஆனா, தடிச்ச ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்."

தடித்த ஊசி!

பிரசவத்துக்கே ஊசி வேண்டாமென்று நர்ஸோடு மல்லுக்கட்டியவள் நசீமா. என்ன சொல்லித் தப்பிப்பது என்று தவித்தவளுக்குச் சட்டென்று ஒரு சாட்சி அகப்பட்டது.

கழுத்தில் அவிழ்த்து விட்டிருந்த புர்காவின் பட்டியை இழுத்து, கொக்கியைப் பட்டென்று மாட்டிக் காட்டினாள்.

"பாத்தீகளா டாக்டரம்மா? ரெண்டு வருசத்துக்கு முன்னால தச்சது. அன்னைக்கு மாட்டுன மாதிரியே இன்னைக்கும் மாட்டுது. வீக்கம் வளந்திருந்தா மாட்டுமா?"

டாக்டர் தயங்கினார். பேனா மெல்ல மாத்திரைச் சீட்டின் பக்கம் நகர்ந்தது.

நசீமா வெற்றியோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இவுக ஆயுசுல ஒழுங்காத் தச்சது இது ஒண்ணுதான்!"

ரஷீத் எழுந்து நின்றார். அவள் பக்கம் திரும்பாமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்:

"ஊசியே போடுங்கம்மா. கழுத்தைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சா என் தையலத்தான் வைவாளேன்னு, இந்த ஒரு மாசத்துல அந்தக் கொக்கிய நாலு தடவை நகத்தித் தச்சிருக்கேன்."