மன்னித்தவர்

பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே சவரியப்பன் எழுந்து கோயிலை விட்டு வெளியே போனார்.

அதுவும் ஃபாதர் அவரைத்தான் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புன்னா என்னன்னு எங்கயும் தேட வேண்டாம். நம்ம மூக்கண்டப்பள்ளியிலேயே ஒருத்தர் இருக்கார். தன்னோட மூணு விரல் போகக் காரணமா இருந்தவனை, கைக்கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே மன்னிச்சவர்..."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அப்போதுதான் எழுந்தார்.

"புகழ்ச்சி தலைக்கேறிடுச்சு. பூசை முடியுற வரைக்கும் உக்கார முடியல பாரு" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மனைவி ஆரோக்கியம் ஓடிவந்து வாசலில் அவரைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?"

"அஞ்செட்டிக்கு. திம்மப்பனைப் பாக்க."

"அவனையா? அவன் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா உங்க கை முழுசா இருந்திருக்கும். மன்னிச்சாச்சு, சரி. தேடிப் போயி வேற சொல்லணுமா?"

"பாக்கணும் ஆரோக்கியம். நாலு வருஷம் ஆச்சு."

எண்பத்தைந்தில் அந்த விபத்து நடந்தது. இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். சவரியப்பன் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். திம்மப்பன் அவருக்கு ஹெல்பர். கை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்பு வலையை மெஷினில் மாட்டி வைப்பது திம்மப்பனின் பொறுப்பு. விபத்து நடந்தபோது அந்த வலை மெஷினில் இல்லை.

"மாட்ட மறந்துட்டான் சார்" என்றார் சவரியப்பன், கம்பெனி விசாரணையில்.

திம்மப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே வேலை போயிற்று. பெண்டாட்டி கெம்பம்மாவைக் கூட்டிக்கொண்டு அஞ்செட்டிக் காட்டோரம் இருந்த தன் ஊருக்கே திரும்பிவிட்டான்.

பஸ் தேன்கனிக்கோட்டையைத் தாண்டியது. இதற்கு முன் மூன்று முறை இந்த ஊர் வரைக்கும் வந்து, இறங்கித் திரும்பியிருக்கிறார் சவரியப்பன். இந்த முறை இறங்கவில்லை.

பக்கத்து சீட் காலியாக இருந்தது. கம்பெனி பஸ்ஸில் அந்த இடம் திம்மப்பனுடையது. தமிழும் கன்னடமும் கலந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, கெம்பம்மா கோபித்துக்கொண்டதைப் பற்றி. "கொஞ்ச நேரம் சும்மா வாடா" என்று அதட்டினால் இரண்டு நிமிஷம் தாங்கும்.

அவன் போன பிறகு அந்த இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் மூடியில் அவனுக்கும் கொஞ்சம் குழம்பை ஊற்றுவார் சவரியப்பன். ஊற்றிய பிறகுதான் நினைவு வரும். அந்தக் குழம்பை அப்புறம் அவரால் சாப்பிட முடியாது.

அஞ்செட்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்து இரண்டு மைல் நடந்தார். வீட்டு வாசலில் கெம்பம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள்.

"சவரிண்ணாவா? உக்காருங்க. ஏரிக்கரைக்கு மாடு ஓட்டிட்டுப் போயிருக்காரு. வர்ற நேரந்தான்."

திம்மப்பன் வந்தான். மெலிந்திருந்தான். முன்தலை நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ண்ணா! நீதானா? வழி எப்படிண்ணா கண்டுபிடிச்ச?"

அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டான்.

"மார்கழிக் குளிர்ல நோவுதா?"

சவரியப்பன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"கையை விடுடா. முதல்ல நான் சொல்ல வந்ததைக் கேளு."

"சொல்லுண்ணா."

"அன்னிக்கு நீ வலையை மாட்டித்தான் வெச்ச. நீ டீ எடுக்கப் போனதும் நான்தான் கழட்டினேன். அது இருந்தா கை வேகமா ஓடல. சொன்ன எண்ணிக்கைக்குப் பீஸ் வரலைன்னு சூப்பர்வைசர் கத்திக்கிட்டிருந்தான். விசாரணையில உண்மையைச் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். பழியை உன் மேல போட்டுட்டேன். அதோட விட்டேனா? உன்னை மன்னிச்சிட்டேன்னு ஃபாதர்கிட்ட வேற சொன்னேன். ஊரே என்னைப் புண்ணியவான்னு சொல்லுது திம்மப்பா. ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கிறேன். என்னை மன்னிச்சிடுடா."

கெம்பம்மாவின் கையில் முறம் அசையாமல் நின்றது.

"நாளைக்கே மேனேஜருக்கு எழுதிக் குடுத்துடறேன். கோயில்லயும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீ மறுபடி வேலைக்கு வரணும். எனக்கு நீ இல்லாம..."

"தெரியும்ணா" என்றான் திம்மப்பன்.

"என்ன தெரியும்?"

"நீ வலையைக் கழட்டினது. டீ கேனோட வாசல்ல நின்னு பாத்தேன். வேணாம்ணான்னு கத்துறதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு."

சவரியப்பன் அவனையே பார்த்தார்.

"பாத்தியா? அப்புறம் ஏன்டா விசாரணையில வாயைத் திறக்கல?"

திம்மப்பன் இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"எப்படிண்ணா சொல்றது? கட்டுப் போட்ட கையோட எதிர்ல நீ நிக்கிற. வேலையும் போச்சுன்னா உனக்கு வேற யாரு வேலை குடுப்பா? எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருந்துச்சு!"