கால் பேனா மை

அன்னத்தாயின் பேனா ஏன் கசிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கசிவுக்குப் பயந்து இன்று கால் பேனா மைதான் ஊற்றி வந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் சொட்டு பெரிதாக விழுகிறது. பொட்டிப்புரத்திலிருந்து வந்து இந்த ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம். தாவணியில் மை பட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அதற்குள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஞானபாக்கியம் ஒருத்திதான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதுகிறார். ஜன்னல் வெயில் பேனாவின் ஈரக் கழுத்தில் மினுங்குகிறது. முழங்கையை விலாவோடு ஒடுக்கி, வியர்த்த விரல்களால் பேனாவை இறுக்குகிறாள். முள் நுனியில் ஒரு சொட்டு உருண்டு, கனத்து, ஞானபாக்கியத்தின் வெள்ளைத் தாவணியில் விழுகிறது.

"மைக்கூடு மறுபடி ஊத்திருச்சுடி!" அவளுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிப் பின் பெஞ்சில் சிரிப்பு.

ஞானபாக்கியமும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்து போவாள் என்று அன்னத்தாய் காத்திருக்கிறாள். அவளோ பேனாவைப் பிடுங்கி, காதருகே ஆட்டிப் பார்க்கிறாள்.

"ஏண்டி இம்புட்டூண்டு மை?"

"கூட ஊத்துனா கூடக் கொட்டுமே."

"கூறுகெட்டவளே, மை இல்லாத எடத்துல காத்துல்ல இருக்கு? ஒன் கைச்சூட்டுல அது உப்பி மையத் தள்ளுது. நீ பயந்து இறுக்க இறுக்க இன்னுந் தள்ளும்."

பையிலிருந்து மைப்புட்டியை எடுத்து, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். "நாளைக்கும் இங்கனயே உக்காரு. இந்தத் தாவணி போனது போச்சு."

இனிப் பேனாவைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும் என்று அன்னத்தாய் நினைத்துக்கொள்கிறாள். மை பாதியாகக் குறையும்போதே ஞானபாக்கியத்திடம் மை கேட்க வேண்டும்.