அரங்கநாதனின் வலது கால்

“இன்னாடி இது, நிமுந்து என் மூஞ்சியக்கூடப் பாக்கல! இந்தம்மாவா பெரிய டாக்டரு?”

கிசுகிசுத்ததாகத்தான் அரங்கநாதனுக்கு நினைப்பு. பாகூர் சர்க்கரை நோய் முகாமுக்கே கேட்டது. நெட்டப்பாக்கத்தில் மூன்று ஏக்கர் கரும்பு போடுகிற மனுஷனுக்கு அதற்குக் குறைந்து பேச வராது.

“சும்மா இருய்யா,” என்றாள் மனைவி கஸ்தூரி. “முப்பது வருசமா ஊர் ஊரா வந்து நம்ம ஜனங்க கால ஆராய்ச்சி பண்றவங்க. புண்ணு வெளிய தெரியறதுக்குள்ள, கால் சூட்ட வெச்சே கண்டுபுடிச்சிடுவாங்களாம்.”

அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. வீங்கிப்போன வலது காலைத் திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டும் என்று டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதியே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குச் சனி.

ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேயும் வைத்து நீட்டிய கவரை டாக்டர் ஜெயசித்ரா வாங்கவே இல்லை. “சக்கரை எவ்வளவுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

எனக்குப் படிக்கத் தெரியுமான்னு பரீட்சையா? அரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. “முன்னூத்திப் பன்னெண்டு,” என்றார் வெடுக்கென்று.

“அந்தச் சுவர் வரைக்கும் நடந்துட்டு வாங்க.”

விந்தி விந்திப் போய்த் திரும்பினார். அந்தம்மா முகமோ ஜன்னல் பக்கம் இருந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் காலு அவ்ளோ இளப்பமாப் போச்சா?”

“ஸ்டூல்ல உக்காருங்க,” என்ற டாக்டர் தரையில் சம்மணமிட்டு, அவருடைய இரண்டு பாதங்களையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அரங்கநாதன் பதறிப்போனார். “ஐயய்யோ, கரும்புக் கொல்லைச் சேறு மிதிச்ச காலும்மா!”

“பேசாதீங்க.” புறங்கை இடது பாதத்தில் ஊர்ந்தது, பிறகு வலது பாதத்தில். குதிகால் ஓரமாக ஓரிடத்தில் நின்றது. அங்கே விரலை வைத்து அழுத்தினார். “சுவேதா, இங்க கீறு.”

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் சுவேதா கவரிலிருந்த எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்துத் தயங்கினாள். “எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையே மேடம்?”

“கரும்புச் சிலாம்பு எக்ஸ்ரேல தெரியாதும்மா. கீறு.”

சீழோடு வந்து விழுந்தது, பாதி விரல் நீளத்துக்குச் சிலாம்பு. அது எப்போது ஏறியது என்று அரங்கநாதனுக்கே தெரியாது. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கு வலித்தால்தானே!

“கால எடுக்க வேணாம். மருந்து தர்றேன், தினம் கட்டு மாத்துங்க. ஆறிடும்.”

கஸ்தூரி ஓவென்று அழுதுவிட்டாள். இப்படியும் ஒரு கை உண்டா என்று மலைத்துப்போன அரங்கநாதன், டாக்டரின் முகத்துக்கு நேரே கைகூப்பினார்.

டாக்டர் கண்டுகொள்ளவே இல்லை. கூப்பிய கையை இவரும் இறக்கவில்லை.

சுவேதா குனிந்தாள். “மேடம், ஐயா உங்களைக் கும்புட்டுக்கிட்டு இருக்காரு.”

“அடடா!” ஜெயசித்ரா காற்றில் துழாவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சிடுங்க. எனக்கும் சக்கரைதான். கண்ணு ரெண்டும் போயி பன்னெண்டு வருஷமாச்சு.”