கூட்டைக் கலைத்தவன்

பல்கலைக்கழகத்தில் இயற்கைவளப் பாதுகாப்பு படிக்கும் மாணவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏரிப் பறவைகள் முட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் பறந்துபோய்க்கொண்டிருந்தன. கூட்டருகே தான் ஒளித்துவைத்த கேமராவை எடுத்துக்கொண்டு, ஏரியிலிருந்து நேராகப் பேராசிரியர் அறைக்கு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

"மாடு மேய்க்கிறவர்தான் சார், சந்தேகமே இல்ல!"

திரையில் மாடுகள் வந்தன. பின்னாலேயே மேய்ப்பவரும் வந்தார். பறவைகள் சட்டைசெய்யவில்லை. அப்புறம் ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அத்தனை பறவைகளும் அலறியடித்துப் பறந்தன.

"நிறுத்துங்க சார்! இந்தப் படுபாவி மட்டும் என் கையில கிடைச்சான்..."

பேராசிரியர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"தினமும் முட்டை எண்ணப் போறியாம்மா?"

"ஒருநாள்கூட தவறினதில்ல சார்!"

சொல்லிவிட்டு அவளும் குனிந்தாள். அவள் பூட்ஸில் ஏரிச் சேறு இன்னும் காயவில்லை.